கல்விச் சுதந்திரக் குறியீடு: ஹங்கேரியை வைத்து ஒரு மதிப்பீடு

ஜெர்மனியின் எர்லாங்கன்-நியூரம்பர்க் பல்கலைக்கழகமும் மக்களாட்சியை ஆராயும் சுவீடனின் வி-டெம் நிறுவனமும் இணைந்து வழங்கும் கல்விச் சுதந்திரக் குறியீட்டின் இணையதளம், ஆய்வாளரும் ஆசிரியரும் ஒரு நாட்டில் எவ்வளவு தடையின்றிப் பணியாற்ற முடிகிறது என்பதை 0 முதல் 1 வரையிலான மதிப்பெண்ணாகத் தருகிறது. கட்டணம் இல்லை, 1900 முதலான தரவுகளை இறக்கிக்கொள்ளலாம். 2,000-க்கும் மேற்பட்ட வல்லுநர்களின் கணிப்பைத் தொகுத்து உருவாக்கும் மதிப்பெண் என்பதால், அதில் உள்ள ஐயப்பாட்டின் எல்லைகளையும் உடன் வெளியிடுவது பாராட்டத்தக்க நேர்மை.

விக்டர் ஓர்பான் ஆட்சிக்கால ஹங்கேரியை எடுத்துப் பார்த்தால் சரிவு தெளிவாகவே தெரிகிறது. 2017-இல் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தைக் குறிவைத்து வந்த சட்டம், 2019-இல் ஹங்கேரிய அறிவியல் கழகத்தின் ஆய்வு நிலையங்கள் அதனிடமிருந்து பறிக்கப்பட்டது, 2021-இல் அரசுப் பல்கலைக்கழகங்கள் அறக்கட்டளைகளின் கைக்கு மாற்றப்பட்டது ஆகியவை நிறுவனத் தன்னாட்சியைத் தாக்கியவை. இத்தகைய தாக்குதலை அளப்பதற்கென்றே தனிக் கூறு ஒன்று இந்தக் குறியீட்டில் இருக்கிறது.

சமூகத்தில் ஆண், பெண் பாலின வேறுபாடுகளை ஆராயும் பாலினவியல் துறைக்கு நேர்ந்ததை அறிய வருபவருக்குத்தான் ஏமாற்றம். 2018 அக்டோபரில் ஓர் அரசாணை பாலினவியல் முதுகலைப் படிப்பை அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. வேலைச் சந்தையில் அதற்குத் தேவை இல்லை என்று அரசு காரணம் காட்டியது. ஆனால் புடாபெஸ்டின் எல்ட்டே பல்கலைக்கழகம் அப்படிப்பைத் தொடங்கியதே 2017-இல்தான், முதல் அணி பட்டம் பெற்று வெளிவருவதற்கு முன்பே வேலை கிடைக்காது என்று எதைக் கொண்டு கணித்தார்களோ தெரியவில்லை. முன்வரைவுக்குக் கருத்துச் சொல்லப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது ஒரே நாள். ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்கள் படித்து முடிக்கலாம், புதிய சேர்க்கை கூடாது என்ற அந்த ஏற்பாட்டில் யாரும் கைதாகவில்லை, எந்த வகுப்பறையும் பூட்டப்படவில்லை. ஒரு துறைக்குப் பட்டம் வழங்கும் உரிமை மட்டும் மறைந்தது. மதிப்பெண்ணோ நாடு முழுமைக்குமானது. பொறியியல் ஆசிரியரின் நிலையும் பாலினவியல் ஆசிரியரின் நிலையும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுவதால், வரைபடக் கோட்டில் தெரியும் இறக்கத்தில் இந்த ஆணையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை.

நாடுகளை ஒப்பிடவும் நீண்டகாலப் போக்கை அறியவும் இதைவிட வசதியான இலவசத் தளத்தை நான் கண்டதில்லை. மாணவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் எந்தத் துறை முதலில் குறிவைக்கப்படுகிறது என்பதே கேள்வியானால், அரசாணைகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் தனியே தேடிப் படிக்க வேண்டியிருக்கும். வல்லுநர்களிடம் கேட்கும் வினாக்களில் துறைவாரியான ஒன்றையேனும் சேர்த்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கும்.