அம்மாவுக்கும் டாக்டருக்கும் நடுவே ஒரு செயலி: இரண்டாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அம்மாவுக்குப் பாசார் மலாய், அதாவது சந்தையில் புழங்கும் பேச்சு மலாய், சரளம். மீன்காரரிடம் பேரம் பேசி வென்றுவிடுவார். உடம்பின் உபாதையைச் சொல்லும் மலாய்தான் அவருக்கு வராது. இனிப்பு நீர் எனும் சர்க்கரை நோய்க்காக அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் நானே மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். வேலை என்னைக் கோலாலம்பூருக்கு இழுத்துச் சென்றபின், அவருடைய கைப்பேசியில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலியைப் போட்டுக் கொடுத்தேன்.

விடுப்பு எடுத்துக்கொண்டு உடன்சென்ற முதல் நாளே அது சறுக்கியது. ‘மயக்கமா வருது’ என்று அம்மா சொன்னதைச் செயலி ‘பெங்சான்’ என்று மாற்றியது. நினைவு தப்பி விழுவதற்கான மலாய்ச் சொல் அது. எப்போது விழுந்தீர்கள், தலையில் அடிபட்டதா என்று கேட்ட டாக்டர், நான் விளக்குவதற்குள் இ.சி.ஜி. எடுக்க எழுதிவிட்டார். அம்மா சொல்ல வந்ததோ வெறும் கிறுகிறுப்பு, அதாவது ‘பெனிங்’. தலைசுற்றலுக்கும் நினைவிழப்புக்கும் நாமே ‘மயக்கம்’ என்ற ஒரே சொல்லைப் புழங்குவதால், பழி முழுவதையும் செயலியின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

மருந்து உறையைக் கேமராவில் காட்டினால் வேறு வேடிக்கை. மாத்திரையை எண்ணும் ‘பிஜி’ என்ற சொல்லுக்கு விதை என்றும் பொருள் உண்டாகையால், சாப்பிட்டபின் ஒரு விதை உண்ணுமாறு அறிவுரை வந்தது. களிம்பைத் ‘தடவு’ என்பதற்கு, குப்பையைக் கூட்டச் சொல்வதுபோல் ‘பெருக்கு’ என்று வந்தது. அம்மா சிரித்துவிட்டார். ஆனால் மருந்தின் அளவையும் வேளையையும் செயலியை நம்பி முடிவு செய்யக்கூடாது என்று அன்றே தீர்மானித்தேன்.

அதன்பின் ஒரு பயிற்சிப் புத்தகத்தில், இடப்பக்கம் அம்மா சொல்கிறபடியே தமிழிலும் வலப்பக்கம் மலாயிலுமாகச் சுமார் நாற்பது வரிகள் எழுதி, கிளினிக்கில் இருந்த தமிழ் மிஸ்ஸி (தாதி) ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொண்டேன். இனிப்பு நீர் நரம்புகளைப் பாதிப்பதால் டாக்டர்கள் பாதத்தைப் பற்றித் தவறாமல் கேட்பார்கள்; ஆகவே ‘கால் மரத்துப் போகுது’ என்பதற்கு நேராக எழுதிய ‘கெபாஸ்’தான் அதிகம் பயன்பட்ட வரி. செயலியிடம் பேசும்போதும் ஒரு மூச்சில் ஒரு செய்தி மட்டும் என்று பழக்கினேன். டாக்டர் சொன்னதை அம்மா தம் சொற்களில் திருப்பிச் சொல்ல, அது மலாயில் மீண்டும் டாக்டரின் காதுக்குப் போகும். இதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். வரிசையில் காத்திருப்பவர்கள் முறைப்பார்கள். இருந்தாலும், தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் பிடிபட்டன.

இத்தனை குறைகளுக்கும் பிறகு செயலியை ஏன் விடவில்லை என்றால், சென்ற ஆண்டு நடந்த ஒன்றுதான் காரணம். நான் வெளியே மருந்துக்கு எண் எடுக்கப் போயிருந்த நேரத்தில், இனிப்பு நீருக்கான மெட்பார்மின் மாத்திரை வயிற்றைப் பேதியாக்குவதால் பல மாதங்களாகப் பகல் வேளை மாத்திரையை விழுங்குவதில்லை என்று அம்மா கைப்பேசியிடம் சொல்லியிருக்கிறார். அந்த மருந்துக்கு அது வழக்கமான பக்கவிளைவு. மெதுவாகக் கரையும் வகைக்கு டாக்டர் அன்றே மாற்றிக் கொடுத்தார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ‘பிள்ளைகிட்ட போய் அதையெல்லாம் எப்படிய்யா சொல்றது?’ என்றார் அம்மா. இப்போது உடன்சென்றாலும், டாக்டரின் அறைக்குள் நான் நுழைவதில்லை.