நகர மையத்தில் நிறைவை நெருங்கும் ஒரு சிறிய சொகுசு அடுக்ககம்

நகரின் மையத்தில் கட்டி முடியும் தறுவாயில் உள்ள இந்தச் சிறிய சொகுசு அடுக்ககத்தில் என்னை முதலில் கவர்ந்தது, தளத்துக்கு இரண்டே வீடுகள் என்ற அமைப்பு. பொதுச்சுவர் ஒன்றே என்பதால் மூன்று பக்கமும் சன்னல் வைக்க முடிந்திருக்கிறது. காற்றும் வெளிச்சமும் தாராளம்.

சாலையை நோக்கிய படுக்கையறையில் இரட்டைக் கண்ணாடிச் சன்னலை இழுத்து மூடியதும் வாகன இரைச்சல் வெகுவாக அடங்கிவிடுகிறது. ஆயினும் சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே சிலிக்கோன் பூச்சு ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கிறது. ஒலியும் மழைநீரும் நுழைய அந்த நூலளவு இடைவெளியே போதும் என்பதால், வீட்டை ஒப்படைக்கும் முன் அதை அடைத்தே ஆக வேண்டும். குளியலறையில் ஓடு பதிப்பதற்கு முன்பே நீரைத் தேக்கிக் கசிவைச் சோதித்திருக்கிறார்கள். வரவேற்புக் கூடத்தின் பளிங்குத் தரையைவிட இந்தக் கவனத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

மின்தூக்கி ஒன்றுதான் என்பது குறையே. வீடுகள் குறைவாக இருப்பதால் மின்தூக்கி, ஜெனரேட்டர், காவல் ஆகியவற்றின் செலவு ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் கூடுதலாகவே விழும். வாங்க விரும்புவோர் முன்பணம் கட்டுமுன் பராமரிப்புக் கட்டண விவரத்தையும், விற்பனைப் பரப்பில் சுவர்களுக்குள் அமையும் பயன்பாட்டுப் பரப்பு எவ்வளவு என்பதையும் எழுத்து வடிவில் கேட்டுப் பெற வேண்டும்.