9 வாரத் திட்டம், எனக்கு 24 வாரம் ஆனது

கல்லூரியில் கால்பந்து ஆடியவன் நான். அந்த நினைப்புதான் என்னை ஆறு வருடம் வீட்டில் உட்கார வைத்தது. இடையில் இரண்டு முறை திரும்பத் தொடங்கிப் பார்த்தேன். முதல் முறை, ஒரு ஜிம்மில் வருடச் சந்தா கட்டிப் பதினோரு நாள் போனேன். அடுத்த முறை, புது ஷூ வாங்கிய மறுநாளே பழைய வேகத்தில் மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டு, ஒரு வாரம் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன்.

மூன்றாம் முறை எடுத்தது ‘கவுச் டு 5கே’: சோபாவில் கிடப்பவரை ஐந்து கிலோமீட்டர் ஓட வைக்கும் ஒன்பது வாரப் பயிற்சித் திட்டம். பதினெட்டு மாதமாகிறது, இன்னும் விடவில்லை.

தெரியாதவர்களுக்கு: 1996-ல் ஜோஷ் கிளார்க் என்பவர், ஐம்பது வயது தாண்டிய தன் அம்மாவை ஓட வைக்கப் போட்ட அட்டவணை இது. பிறகு பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அதை ஆப்பாகவும் கொண்டுவந்தது. வாரத்துக்கு மூன்று நாள், சுமார் அரை மணி நேரம். முதல் வாரம் 5 நிமிடம் வேக நடை. அப்புறம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். ஒன்பதாம் வாரத்தில் 30 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். நான் ஆப் எதுவும் போடவில்லை. அட்டவணையை ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன். கையில் ஒரு பழைய டிஜிட்டல் வாட்ச்.

யாரோ ஒருவர் அம்மாவுக்காக எழுதியதா எனக்கு என்ற வீம்பு முதல் வாரம் முழுக்க இருந்தது. கோவை ரேஸ்கோர்ஸில் காலை ஆறு மணிக்கு அறுபது விநாடி ஓடிவிட்டு நடப்பவனை நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் வேறு. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. ஒரே ஒரு பெரியவர், மூன்றாம் நாள் என் மூச்சிரைப்பைக் கேட்டுவிட்டு, “மெதுவாப் போங்க தம்பி, யாரு தொரத்தறாங்க?” என்றார். அன்றுதான் பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்துக்கு இறங்கினேன். இந்தத் திட்டத்தில் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான் என்றாலும் போதும்.

நான்காம் வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. மூச்சு சில வாரத்தில் திரும்பி வந்துவிடுகிறது. எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். பழைய ஆட்டக்காரர்கள் அடிபடுவது இந்த இடைவெளியில்தான். ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு, அந்த வாரத்தையே நான்கு முறை ஓடினேன்.

ஐந்தாம் வாரம் பலரும் கைவிடும் இடம். முதல் நாள் 5 நிமிட ஓட்டம் மூன்று முறை, இரண்டாம் நாள் 8 நிமிடம் இரண்டு முறை, மூன்றாம் நாள் திடீரென்று 20 நிமிடம் ஒரே மூச்சில். எழுதும்போது தப்பாகப் பார்த்து எழுதிவிட்டேனோ என்று சரிபார்த்தேன். நான்காவது முயற்சியில்தான் முடிந்தது. முடித்ததும் சூப் வண்டி பக்கம் போய் முடக்கத்தான் சூப் குடித்தேன். அன்று அது காரமாக இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

குறைகளும் உண்டு. பெயரில்தான் ஐந்து கிலோமீட்டர். என் வேகத்துக்கு 30 நிமிடத்தில் நாலு கிலோமீட்டரே வராது. ரேஸ்கோர்ஸ் ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். இரண்டு சுற்று முடிக்க எனக்கு இன்றும் நாற்பது நிமிடம் ஆகிறது. நம் ஊர் ஏப்ரல் வெயில் அட்டவணைக்குத் தெரியாது. காய்ச்சலில் படுத்தவன் எந்த வரியிலிருந்து தொடங்குவது என்றும் அதில் இல்லை. நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: ஒரு வாரம் விட்டால் அட்டவணையில் ஒரு வரி, அதாவது ஒரு வாரம், பின்னால்; அதற்கு மேல் விட்டால் இரண்டு வரி.

சரி, ஓடுகிற மூடு எப்படி வந்தது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வரவேயில்லை. ராத்திரியே ஷூவைக் கேட் பக்கம் வைத்துவிடுவேன். பத்து நிமிடம் நடந்து பார்ப்பது, முடியாவிட்டால் திரும்பிவிடுவது என்று எனக்கு நானே ஒப்பந்தம். அப்படித் திரும்பியது இரண்டே முறை. ஒன்று மழை, இன்னொன்று நாய். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வு ஒன்றில் 96 பேரைக் கவனித்தார்கள். ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள்; நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிதாகக் கெடவில்லை. எல்லோரும் 66-ஐச் சொல்கிறார்கள். எனக்கு ஆறுதல் தந்தது அந்த 254.

போன மாதம் வைரஸ் காய்ச்சலில் பன்னிரண்டு நாள் போகவில்லை. ஒன்பதாம் வரியிலிருந்து ஏழுக்கு இறங்கினேன். தாளில் இடமில்லாமல் இப்போது ஓரத்தில் டிக் போடுகிறேன், ஏனென்றால் முதல் வரியில் பச்சைப் பேனாவில் மனைவியின் டிக்குகள் தொடங்கியிருக்கின்றன. ஷூ வாங்கலாமா என்று கேட்டேன். “நாலாவது வாரம் தாண்டட்டுங்க, பார்க்கலாம்” என்றார்.