விலை குறைந்தாலும் இந்த மவுண்ட் நம்ம ஊருக்கு வேண்டாம்

6 இஞ்ச் நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும்) தொலைநோக்கியும், அதைத் தாங்கி வானத்தின் சுழற்சிக்கு ஏற்பத் திருப்பும் ஈக்வடோரியல் மவுண்டும் சேர்ந்து வரும் செட்டுக்கு இப்போது விலை நன்றாகவே இறங்கியிருக்கிறது. கேலக்ஸிகளைப் படம் எடுக்க ஆசைப்படும் நண்பர் ஒருவர், "உங்ககிட்ட இருக்கிறதுதானே, வாங்கலாமா?" என்று கேட்டார். அவர் கேட்ட வாரம்தான் மவுண்டின் அச்சை ஏற்றி இறக்கும் போல்ட் மறுபடி வளைந்து, அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போயிருந்தேன். அதனால் இதில் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம். ஆனால் சொல்வதெல்லாம் வருஷக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்ததுதான்.

முதலில் டியூபை, அதாவது தொலைநோக்கியைப் பற்றி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 150 மிமீ கண்ணாடி, 750 மிமீ குவியத்தூரம். 3.76 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவை மாட்டினால் ஒரு பிக்சலுக்கு ஒரு ஆர்க் செகண்டுக்குச் சற்று மேல் வரும் (ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு ஆர்க் நிமிடம், அதில் 60-ல் ஒரு பங்கு ஆர்க் செகண்ட்). எம்51 கேலக்ஸி வானத்தில் சுமார் 11 ஆர்க் நிமிட நீளம். அதாவது சென்சாரில் அறுநூறு பிக்சலைத் தாண்டி நிற்கும். சுருளின் கைகளைப் பிரித்துக் காட்ட அது தாராளம். கோமா கரெக்டர் என்ற திருத்தும் லென்ஸ் மட்டும் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் இப்படி எஃப்/5 (குவியத்தூரம் கண்ணாடியின் குறுக்களவைப் போல ஐந்து மடங்கு) நியூட்டோனியனில் ஓர நட்சத்திரங்கள் எல்லாம் வால் முளைத்து நிற்கும்.

எம்51 எங்கே என்று கேட்பவர்களுக்கு: கல்யாணத்தில் அருந்ததி பார்ப்போமே, அந்த சப்தரிஷி மண்டலத்தின் வால் முனையில் இருப்பது மரீசி. அங்கிருந்து மூன்றரை டிகிரி தள்ளிப் போனால் போதும். ஏப்ரல் நடுவில் நள்ளிரவுக்கு உச்சியைக் கடக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் திறந்து, கோடை மேகம் திரள ஆரம்பிப்பதற்குள் நமக்குக் கிடைக்கிற சில மாதங்களில் சரியாக வந்து நிற்கிற கேலக்ஸி இது. ஆந்திரமேடா கேலக்ஸி அப்படி இல்லை. அது நன்றாகத் தெரியும் அக்டோபர், நவம்பரில் இங்கே மழை கொட்டிக்கொண்டிருக்கும்.

1845-ல் அயர்லாந்தின் பர் ஊரில் ராஸ் பிரபு 72 இஞ்ச் கண்ணாடி வைத்த தொலைநோக்கியில் எம்51-ஐப் பார்த்துத்தான், ஒரு கேலக்ஸிக்குச் சுருள் வடிவம் உண்டு என்று முதன்முதலாக வரைந்தார். அப்போது அதை நெபுலா என்றுதான் சொன்னார்கள். அவருடைய கண்ணாடியின் குறுக்களவில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்னுடையது. ஆனாலும் ஜவ்வாது மலை இருட்டில் மூன்று மூன்று நிமிடமாக ராத்திரி முழுக்க எடுத்து அடுக்கினால், கைகளுக்கு உள்ளோரமாக ஓடும் தூசிப் பட்டைகள் தெரிகின்றன. நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்கள் இளஞ்சிவப்புப் புள்ளிகளாக வருகின்றன. பக்கத்துத் துணை கேலக்ஸியான என்ஜிசி 5195-ஐ நோக்கி ஒரு கை நீண்டு போவதும், அதன் தூசி துணை கேலக்ஸியின் முன்னால் நிழலாக விழுவதும் தெரிகின்றன. அந்த நிழல் முதல்முறை அடுக்கிய படத்தில் தெளிந்து வந்தபோது ரொம்ப நேரம் திரையை விட்டு நகரவில்லை நான். 6 இஞ்ச் கண்ணாடியிடம் இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

சரி, இப்போது மவுண்ட்.

வேலூர், காவலூர் பக்கமெல்லாம் வட அட்சரேகை பன்னிரண்டரை டிகிரிக்கு ஒட்டியே இருக்கிறது. ஈக்வடோரியல் மவுண்டின் அச்சு வானத்தின் வடதுருவத்தைப் பார்க்க வேண்டுமானால் தரையிலிருந்து அவ்வளவு டிகிரிதான் தூக்க முடியும். கிட்டத்தட்ட படுத்த நிலை. மவுண்டை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது 40, 50 டிகிரி ஊர்கள். அங்கே டியூப், அதைச் சமன்செய்யும் எடைக்கட்டி எல்லாவற்றின் பாரமும் டிரைபாடின் நடுவே இறங்கும். இங்கே அத்தனையும் வடக்குப் பக்கம் முன்னால் நீட்டிக்கொண்டு தொங்குகிறது. அந்தப் பாரத்தைத் தாங்குவது ஒரே ஒரு போல்ட். துருவ திசை சரிசெய்யும்போது திருகித் திருகி மேலே ஏற்றுவதும் அதே போல்ட்டைத்தான். முனை நசுங்கும், அப்புறம் தண்டு வளையும், அப்புறம் மரை சிக்கிக்கொள்ளும். விற்ற கடையில் கேட்டால், "மேனுவல்ல 10 டிகிரியில இருந்து சரின்னு போட்டிருக்கே சார்" என்கிறார்கள். போட்டிருப்பது உண்மைதான். 10 டிகிரிக்கு அச்சு இறங்கும். இறங்கிய பிறகு அசையாமல் நிற்குமா என்பதுதான் கேள்வி.

வளைந்தால் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்துக்கு மேலே பன்னிரண்டு டிகிரி அளவில் கிடக்கிறது. தலைக்கு நேர் மேலே பார்ப்பதைவிட நாலரை மடங்கு காற்றைத் துளைத்துப் பார்க்க வேண்டும். மரமோ, மலையோ, மூட்டமோ மறைக்காத நாள் அபூர்வம். அதனால் நான் அதை நம்புவதில்லை. வானத்தின் வேறு இடத்தில் மூன்று படம் எடுத்து, நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள் முறையைத்தான் பயன்படுத்துகிறேன். அது அருமையாக வேலை செய்கிறது. திரையில் பிழை குறைந்துகொண்டே வரும், அரை ஆர்க் நிமிடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவேன். பூட்டுவதற்கு மற்ற போல்ட்டை இறுக்கினால் எண் தாவிப் போய் 5, 6 ஆர்க் நிமிடத்தில் நிற்கும். பாரம் தாங்கும் போல்ட் வில்லாக வளைந்து கொடுப்பதுதான் காரணம். 5 ஆர்க் நிமிடப் பிழை என்றால் நட்சத்திரம் நிமிடத்துக்கு அதிகபட்சம் 1.3 ஆர்க் செகண்ட் நழுவும். கைடிங் (ஒரு நட்சத்திரத்தைத் தொடர்ந்து படமெடுத்து மவுண்டின் நகர்வைத் தானே திருத்தும் ஏற்பாடு) அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ராத்திரி முழுக்க.

எடைக்கட்டி இன்னொரு தலைவலி. அச்சு படுத்திருப்பதால் எடைக்கட்டியின் கம்பி கிட்டத்தட்ட நேர் கீழே தொங்குகிறது. சாயங்காலம் எம்51 வடகிழக்கில் தாழ்வாக இருக்கும்போது எடை போய் டிரைபாடின் வடக்குக் காலில் முட்டும். டிரைபாடைத் திருப்பி, வடக்கு இரண்டு கால்களுக்கு நடுவே வரும்படி வைத்தால் முட்டாது. ஆனால் பாரம் தொங்குகிற பக்கத்திலேயே கால் இல்லாமல் போய்விடும், சாய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். கடைசியில் மவுண்டுக்கும் டிரைபாடுக்கும் நடுவே ஒரு நீட்டிப்புக் குழாய் போட்டுத்தான் தீர்ந்தது. அதுவும் தனிச் செலவு.

போல்ட்டுக்கு முதலில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போட்டுப் பார்த்தேன். அதுவும் வளைந்தது. இந்த முறை பட்டறை அண்ணன் பழைய போல்ட்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இஎன்24-ல போட்டுத் தரேன். வளையாது. துரு புடிக்கும், எண்ணெய் தடவிக்கோங்க" என்றார். இஎன்24 என்பது உறுதியான எஃகு வகை. முனையை உருண்டையாகக் கடைந்து கொடுத்தார். மாட்டிய பிறகு தாவல் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. இத்தனை விலை மவுண்டில் ஒரு நல்ல போல்ட் போட உற்பத்தியாளருக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? இந்தக் கோபம் எனக்கு அடங்குவதாக இல்லை.

இதே அட்சரேகை கொடுத்த ஒரு சந்தோஷத்தையும் சொல்லாமல் விட முடியாது. எம்83 என்று இன்னொரு சுருள், நமக்கு முகம் காட்டி நிற்பது. பிரெஞ்சு வானியலாளர் லக்காய் 1752-ல் நன்னம்பிக்கை முனையிலிருந்து கண்டுபிடித்தது. இந்த 'எம்' பட்டியலைப் போட்ட, பாரிஸில் இருந்த வானியலாளர் மெஸ்ஸியே அதைப் பார்க்க ரொம்பவே சிரமப்பட்டார், அவ்வளவு தாழ்வு. நமக்கு அது தெற்கே 47 டிகிரி உயரத்தில் வருகிறது. எம்51 வடக்கே 55 டிகிரியில் உச்சியைக் கடந்து ஏழெட்டு நிமிடத்துக்குள் எம்83-ம் கடக்கிறது. ஒரே ராத்திரி, ஒரே டியூப், வடக்கில் ஒரு சுருள், தெற்கில் ஒரு சுருள். ஜெர்மனியில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்திருந்தாலும் எம்83 அவர்களுக்கு அடிவானத்துப் புகைக்குள்தான். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்தவர்கள் தென்வானமும் எட்டும் இடம் என்று பார்த்துத்தான் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். எம்83 நடுவில் குறுக்குப் பட்டையோடு வந்த படத்தைத்தான் வீட்டில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

கேமரா பற்றி ஒரு வரி: சென்சாரைக் குளிர்விக்கும் கேமரா இது, வெளிவெப்பத்தைவிட 35 டிகிரி குளிரும் என்பதை நம்பி மைனஸ் 10 வைக்காதீர்கள். ஏப்ரல் ராத்திரி இங்கே 28 டிகிரி. 0 டிகிரியில் வைத்து, அதே வெப்பநிலையில் டார்க் (இரைச்சலைக் கழிக்க மூடி போட்டு எடுக்கும் படம்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: செட்டாக வாங்காதீர்கள். இத்தனை நல்ல படம் கொடுத்த செட்டைப் பற்றி இப்படிச் சொல்கிறோமே என்று எனக்கே இருக்கிறது, இருந்தாலும் வேண்டாம். டியூபை மட்டும் தனியாக வாங்குங்கள். மவுண்டுக்கு, கொஞ்சம் காத்திருந்தாலும் பரவாயில்லை, ஹார்மோனிக் கியர் (வளையும் பல்சக்கரம் கொண்ட சிறிய, வலுவான கியர்) உள்ளதாகப் பாருங்கள். இந்த டியூபுக்கு எடைக்கட்டி தேவைப்படாத மாடல்கள் கிடைக்கின்றன, 0 டிகிரி வரை இறங்குபவையும் இருக்கின்றன. அதில் நட்சத்திரத்தைத் தொடரும் ஓட்டத்தில் தடுமாற்றம் அதிகம், கைடிங் இல்லாமல் ஓடாது, ஒவ்வொரு கைடு படமும் ஒரு செகண்டுக்குள் எடுக்க வேண்டியிருக்கும். அது தெரிந்தே சொல்கிறேன்.

ஏற்கெனவே இதே செட்டை வாங்கியவர்கள் முதல் ராத்திரிக்கு முன்பே போல்ட்டை மாற்றிவிடுங்கள். பட்டறைக்குப் பழைய போல்ட்டையே கொண்டுபோங்கள், மரை அளவை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். திருகும்போது இன்னொருவர் டியூபின் முன்பக்கத்தைக் கையால் லேசாகத் தூக்கிப் பிடிக்கட்டும், எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே முடியுங்கள். என் மவுண்டை லடாக் பக்கம் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன். அங்குள்ள ஹான்லேயில் அட்சரேகை 32 டிகிரிக்கு மேல், அங்கே அது ஒழுங்காக நிற்கும். டியூபைக் கொடுக்க மாட்டேன்.