உமித் தரையா, பரண் கூடா? பத்து நாட்டுக்கோழிக்கு ஒரு கணக்கு

புதிதாகக் கோழி வளர்க்க இறங்குகிறவர்கள் ஓடா தகரமா என்று கூரையில்தான் ஆரம்பிப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது தரையை. ஐப்பசி மழையில் அந்த மூலையில் தண்ணீர் நிற்குமா? தினமும் பத்து நிமிடம் கூட்டுக்குள் வேலை செய்ய ஆள் உண்டா? பாதி முடிவு இதிலேயே வந்துவிடும்.

ஒன்பது பெட்டை, ஒரு சேவல் என்று வைத்துக்கொள்வோம். இரவு அடைய 6-க்கு 4 அடி அறை, பகலில் திரிய 10-க்கு 10 அடி வலையடைப்பு. எந்த முறைக்கும் இதே அளவுதான்.

உமித் தரையில் செலவு குறைவு. தரைமட்டத்துக்கு ஒரு அடி மேலே மேடை கட்டி, சிமெண்ட் பூசி, 3 அங்குலத்துக்கு உமி பரப்ப வேண்டும். 6 கன அடி, அதாவது மூன்று சாக்கு போதும். மண் தரையாக விட்டால் பெருச்சாளி அடியில் வளை தோண்டி உள்ளே வந்துவிடும். உமியைத் தினமும் கிளற வேண்டும், இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் ஏறிவிட்டது: அமோனியா நெடி கண்ணை எரிக்கும், பின்னாலேயே குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும். ஈரத்துக்குக் காரணம் பெரும்பாலும் மழை இல்லை, தண்ணீர்த் தட்டுதான். அதை வலையடைப்புக்குள், கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் வைத்து அதன்மேல் வையுங்கள்.

பரண் கூடு என்றால் கால்கள்மேல் தூக்கிக் கட்டிய, சந்து விட்ட தளம். எச்சம் அந்தச் சந்து வழியாகக் கீழே விழுந்துவிடும், கோழி அதை மிதிக்காது. தண்ணீர் நிற்கிற இடத்துக்கு இதுதான் சரி. ஆனால் பரணை இரண்டரை அடிக்குக் குறையாமல் தூக்க வேண்டும். ஒன்றரை அடியில் கட்டினால் அடியில் மண்வெட்டி நுழையாது, எச்சம் அங்கேயே குவியும். வெயில் காலத்தில் ஈ முட்டையிட்டு ஒரு வாரம், பத்து நாளில் புது ஈ பறந்துவிடும் என்பதால் வாரம் இருமுறை வாருவது கட்டாயம். பரணின் தளத்துக்கு மூங்கில் சட்டம் மலிவு. ஆனால் அதன் பிளவுகளில் கோழி உண்ணி பகலெல்லாம் பதுங்கி, இரவில் ரத்தம் குடிக்க வரும். கம்பி வலை போட்டால் உண்ணிக்கு ஒளிய இடம் குறைவு, ஆனால் கனத்த கோழிக்கு உள்ளங்கால் புண்ணாகும். குஞ்சுகளின் கால் சந்தில் மாட்டும். பரணில் ஒரு மூலைக்குப் பலகை போட்டுவிடுங்கள். பரணின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. உமித் தரையில் இந்த வசதி கிடையாது.

மேடான இடம், வீட்டில் எப்போதும் ஆள் என்றால் உமித் தரைக்கே எங்கள் ஓட்டு. குப்பையும் நல்ல எருவாகும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் பரண்.

அடையும் கம்பு இரண்டுக்கும் ஒன்றே. கோழிக்கு 8 அங்குலம் என்றால் பத்துக்கு 80 அங்குலம். அறையின் நீளம் 72 தான். எனவே இரண்டு கம்பு, ஒரே உயரத்தில். ஒன்று உயர்ந்திருந்தால் தினமும் அந்தியில் அதற்குச் சண்டை.

தரையில் மிச்சம் பிடித்த காசை வலையில் போடுங்கள். அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. கடித்து இழுத்தால் பிரிந்துவிடும். கீழ் 2 அடிக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை), அதற்கு மேல் ஒரு அங்குலக் கண். கீரியும் மரநாயும் உள்ளே வராமலேயே, வலையோரம் தூங்குகிற கோழியின் காலை வெளியிலிருந்து பிடித்து இழுக்கும், பெரிய கண் வலையில் நடப்பது இதுதான். வலையின் அடியை வெளிப்பக்கமாக ஒன்றரை அடிக்கு மடக்கித் தரையில் படுக்கப் போட்டு மேலே மண் தள்ளிவிடுங்கள். தோண்ட வருகிற நாய் அடைப்பின் ஓரத்தில்தான் தோண்டும், வலை நகத்தில் தடுக்கும். கதவுக்குக் கொக்கி போதாது, தாழ்ப்பாள் போட்டு அதன் துளையில் ஒரு ஆணி செருகுங்கள்.