ஐ3-யோடு இரண்டரை வருஷம்: ஒரு கீ தேய்ந்த கதை

போன வாரம் சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் கீபோர்டை மாற்றிக்கொண்டு வந்தேன். 1,600 ரூபாய். கடைப் பையன் பழையதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேம் ஆடுவீங்களா சார்? ஆனா விண்டோஸ் கீ மட்டும் எப்படி இப்படித் தேஞ்சிருக்கு?" என்றான். அந்த மெஷினில் விண்டோஸே கிடையாது என்று சொல்லி அவனைக் குழப்பவில்லை.

இதை நண்பரிடம் சொன்னபோது, "நீங்க புகழ்ந்துக்கிட்டே இருக்கிற அந்த ஐ3-க்கு நானும் மாறட்டுமா?" என்று கேட்டார். ஐ3 என்றால் ப்ராசஸர் இல்லை; லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் தானாக அடுக்கி, கீபோர்டாலேயே ஓட்டவைக்கும் மென்பொருள். அவருக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுவிட்டது.

என்னுடையது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், அதில் டெபியன் லினக்ஸ். அதில் முன்பிருந்த டெஸ்க்டாப் சூழலில் லாகின் ஆனதுமே 1 ஜிபிக்கு மேல் போய்விடும். ஐ3-யில் 350 எம்பி வாக்கில் நிற்கிறது. அந்த எண்ணைப் பார்த்து முதல் மாதம் பூரித்துப்போனேன். அப்புறம் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதன் வாய்க்குள் போவதைப் பார்த்தேன். ராமுக்காக மட்டும் யாரும் மாற வேண்டாம்.

என்னைக் கட்டிப்போட்டது வேறு. நான் மெய்ப்புத் திருத்துகிறவன். இடது பாதியில் ஸ்கேன் செய்த பக்கம், வலது பாதியில் லிப்ரே ஆபிஸ், நாள் முழுக்க இதுதான் வேலை. முன்பெல்லாம் இரண்டு விண்டோவையும் மவுஸால் இழுத்து இழுத்துப் பொருத்துவேன். இங்கே இரண்டாவதைத் திறந்ததுமே திரை தானாகச் சரிபாதியாகிவிடுகிறது. சூப்பர் கீயோடு (அந்த விண்டோஸ் கீதான்) 1 என்றால் பிரவுசர், 2 என்றால் மெய்ப்பு, 3 என்றால் டெர்மினல். கண் தேடுவதற்குள் கை போய்விடும். அமைப்பு எல்லாம் கான்ஃபிக் என்ற ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில். மைக்கேல் ஸ்டாபெல்பெர்க் 2009-இல் தொடங்கிய திட்டம் இது. இதன் பயனர் கையேடு மாதிரி தெளிவாக எழுதிய ஆவணத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். முதல் நாளே தமிழ் போச்சு.

நான் தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிப்பவன், மொழி மாற்றித் தரும் ஐபஸ் என்ற மென்பொருள் வழியாக. பெரிய டெஸ்க்டாப் சூழல்களில் அது தானே எழுந்து உட்கார்ந்திருக்கும். ஐ3 யாரையும் கூப்பிடாது. ஐபஸை ஓட்ட ஒரு வரி, செயலிகளின் திரையை வரையும் ஜிடிகே, க்யூடி, எக்ஸ் மூன்றுக்கும் ஐபஸைக் காட்டிக்கொடுக்கத் தனித்தனியாகச் சூழல் மாறி என்று எல்லாம் நாமே எழுத வேண்டும். அதையும் செய்தேன். பிறகும் "வணக்கம்" என்று அடித்தால் திரையில் வி, பி, எச், எச், கே, எஃப் என்று ஆறு ஆங்கில எழுத்துகள். இரண்டு நாள் ஐபஸைத் திட்டினேன். பாவம், குற்றம் அதனுடையது இல்லை. மொழி மாற்ற அது எதிர்பார்ப்பது சூப்பரும் ஸ்பேஸும். ஐ3-யும் அதே ஜோடியை, அடுக்கில் சேராமல் மேலே மிதக்கும் விண்டோவுக்குத் தாவ வைத்திருக்கிறது. விசை ஐ3-யிடமே நின்றுவிடும். மிதக்கும் விண்டோ எதுவும் இல்லையென்றால் திரையில் ஒன்றுமே நடக்காது. பிழைச் செய்தியும் கிடையாது. கான்ஃபிக்கில் அந்த வரிக்கு முன்னால் ஒரு # போட்டு அதைச் செயலிழக்க வைத்ததும் தமிழ் வந்தது.

இதை மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது கீ செத்த அன்று நடந்தது.

ஞாயிறு இரவு. காலையில் அனுப்ப வேண்டிய படிவம் பாதியில் நிற்கிறது. சூப்பர் கீ வேலை செய்யவில்லை. டெர்மினல் திறக்க அதுதான், விண்டோவை மூட அதுதான், ஏன், லாகவுட் ஆகக்கூட அதுதான். மெனு இல்லை, ஐகான் இல்லை. கீழ்ப் பட்டையில் இருக்கும் எண்களை மவுஸால் தட்டி இங்கும் அங்கும் போய்வரலாம், அவ்வளவே. இந்த லேப்டாப்பில் வலது பக்கம் இன்னொரு சூப்பர் கீயும் இல்லை. வீட்டுக்கு உள்ளே நின்றுகொண்டே சாவியைத் தொலைத்த மாதிரி. கடைசியில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி, கருப்புத் திரையில் லாகின் செய்து, நானோ என்ற எடிட்டரில் கான்ஃபிக்கைத் திறந்து மாட்4 (சூப்பர்) என்றிருந்ததை மாட்1 (ஆல்ட்) ஆக்கி, ரீபூட் செய்தேன்.

அதாவது இனி எல்லாவற்றுக்கும் ஆல்ட். பிரவுசரில் முந்தைய பக்கத்துக்குப் போக ஆல்ட்டும் இடது அம்புக்குறியும் அழுத்தினால் பக்கத்து விண்டோவுக்குத் தூக்கிப் போடும். நான்கு நாள் அப்படிக் குடும்பம் நடத்தினேன். ஒரே கீயின் தலையில் மொத்தப் பாரத்தையும் ஏற்றிவிட்டு அதற்கு எளிமை என்று பெயர் வைத்தால் கோபம் வருமா வராதா?

இத்தனை புகழ்ந்த பிறகும் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். கீபோர்டு மாற்றிய சூடு இன்னும் ஆறவில்லை. அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். மாட்4-ஐத் திரும்பப் போட்டு, இதையும் அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். என் பேச்சைக் கேட்காமல் ஐ3-யைப் போடுவதென்றால் பழைய யூஎஸ்பி கீபோர்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் கான்ஃபிக் ஃபைலை அனுப்புகிறேன், அந்த # ஏற்கெனவே போட்டிருக்கும்.