கிருமியைக் கொல்லாத பல்பொடி

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில், அவர்களே இடித்து டப்பாவில் அடைத்து விற்கிற கடுக்காய் கிராம்புப் பல்பொடி. 100 கிராம் 70 ரூபாய். "கொட்டையை எடுத்துட்டுத்தான் இடிச்சீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, "கடுக்காய்க்கு அகம் நஞ்சுன்னு எங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்துக்காகவே வாங்கினேன்.

டப்பாவில் 'கிருமிகளை 100% அழிக்கும்' என்றிருந்தது. கல்லூரி நுண்ணுயிரியல் லேபில் 20 வருஷமாகக் கிருமி வளர்க்கிற அகார் தட்டு ஊற்றுகிறவள், இதைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பேனா? பொடியை ராத்திரி முழுக்க மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்கிற பாக்டீரியா தடவிய தட்டில் குழி போட்டு ஊற்றினேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துக் குழியில் வெறும் மெத்தனால்.

இந்த பாக்டீரியா ஊதா நிறம். ஆனால் தனியாக இருக்கையில் சாயம் தயாரிக்காது. ஒவ்வொன்றும் பேசுகிற மாதிரி ஒரு சின்ன மூலக்கூறை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அது சுற்றிலும் நிறைந்தால் 'ஆள் சேர்ந்தாச்சு' என்று அர்த்தம். அப்புறம்தான் மொத்தக் கூட்டமும் ஊதாவாகும்.

மறுநாள் மெத்தனால் குழியைச் சுற்றி ஊதா அப்படியே இருந்தது. பொடிக் குழியை ஒட்டி நூல் அளவுக்குத்தான் தெளிந்திருந்தது, செத்தது அவ்வளவே. அதற்கு வெளியே அகலமாக ஒரு வெள்ளை வளையம். அங்கே பாக்டீரியா நன்றாகவே வளர்ந்திருக்கிறது, நிறம்தான் இல்லை. பேச்சை மறித்திருக்கிறது பொடி! கிராம்புச் சாற்றுக்கு இந்தக் குணம் உண்டென்று ஏற்கெனவே ஆய்வுகள் உண்டு. மஞ்சளின் குர்குமின், சிறுநீர்த் தொற்றுக் கிருமிகள் படலமாகப் படிவதைக் குறைப்பதைக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் காட்டியிருக்கிறார்கள்.

அதற்காகச் சொத்தை நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பார்த்தது ஒரே ஒரு தட்டு. போதாததற்கு, சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பேசும் பாஷையே வேறு. அது புரதத் துணுக்குகளை விட்டுச் சேதி சொல்லும்.

பொடி நரநரவென்று இருக்கிறது, இன்னும் சலித்திருக்கலாம். விரலால் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாய்ப்புண் இருந்தால் கிராம்பு எரிக்கும். வாஷ்பேசினில் பழுப்புக் கறை வேறு. துவர்ப்பு மட்டும் அருமை. ஐந்துக்கு மூன்றரை.

இரண்டாவது டப்பா வாங்கப் போனபோது, "இது கொல்லலை அண்ணாச்சி, பேசவிடாம பண்ணுது, அதைப் போடுங்க" என்றேன்.

"கிருமியைப் பேசவிடாதுன்னு போட்டா எவன்மா வாங்குவான்?" என்றார்.